நகரங்கள் பெருத்துக்கொண்டே போவதை நிறுத்த முடியுமா?

நீங்கள் கேட்டவை மூன்று. நகரங்கள் ஏன் இப்படி வளர்ந்துகொண்டே போகின்றன, கிராமங்களிலிருந்து ஆட்கள் வருவதைக் கட்டுப்படுத்தினால் இது அடங்குமா, இயற்கையைக் கெடுக்காமல் ஒரு நகரத்தில் வாழ வழி உண்டா. கேள்வியை இரண்டு முறை படித்தேன். அடியில் நான்காவதாக ஒன்று இருப்பதாகப் பட்டது: நகரம் என்பதே ஒரு தவறோ, அதில் குடியிருப்பதால் நானும் அந்தத் தவறில் பங்காளியோ என்ற உறுத்தல். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நகரம் தவறில்லை. ஆட்கள் குடியேறி முடித்தபின் தெருவும் குழாயும் வந்து சேர்கிற வரிசைதான் தவறு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நகரமைப்பில் இருக்கிறேன். பெரும்பாலும் புறநகர் மனைப்பிரிவுகளுக்குக் குடிநீரும் கழிவுநீரும் போகவர வழி வகுக்கிற வேலை. அதனால் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் தரைமட்டத்துக்கும் தண்ணீருக்கும்தான் போகும். இந்தப் பதிலும் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்; நகரங்களின் நிதி நிர்வாகத்தைப் பற்றி இதே உறுதியுடன் நான் பேச மாட்டேன்.

முதலில் அளவு. ஐ.நா. கணக்குப்படி 1950இல் உலக மக்களில் சுமார் 30 சதவீதம் பேர் நகரவாசிகள். 2007 வாக்கில் அது பாதியைத் தாண்டியது. 2018இல் 55 சதவீதம். போக்கு இதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சதவீதத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் எது நகரம் என்பதை அந்தந்த நாடே முடிவு செய்கிறது. டென்மார்க்கில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தாலே நகர்ப்புறம். ஜப்பானில் ஓர் ஊர் ‘நகரம்’ என்ற தகுதி பெற 50,000 பேர் வேண்டும். 2025இல் ஐ.நா. எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோலை வைத்து எண்ணிப் பார்த்தபோது, 45 சதவீதம் பேர் நகரங்களிலும் 36 சதவீதம் பேர் சிறு நகரங்களும் புறநகர்களும் சேர்ந்த வகையிலும் இருப்பதாக வந்தது. நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டோக்கியோ பின்னுக்குப் போக, ஏறத்தாழ 4.2 கோடிப் பேருடன் ஜகார்த்தா முதலிடத்துக்கு வந்தது. ஒரே இரவில் அங்கே ஆட்கள் வந்து இறங்கிவிடவில்லை. நகர எல்லைக்கோடு போட்ட விதம் மாறியது, அவ்வளவுதான்.

இந்தக் கோடு உங்கள் இரண்டாவது கேள்விக்கும் நேராகப் பொருந்தும். வளரும் நாடுகளை ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டால், நகர மக்கள்தொகைப் பெருக்கத்தில் பாதிக்கு மேல் வருவது நகரத்திலேயே பிறக்கும் குழந்தைகளால். சீனா இதற்குப் பெரிய விலக்கு. அங்கே குடிபெயர்வின் பங்கு மிக அதிகம். மீதியிலும் ஒரு பகுதி, யாருமே இடம் மாறாமல் நடக்கிறது. கிராமத்துக்குப் பக்கத்தில் சாலை வருகிறது, வயல் மனைகளாகிறது, ஒருநாள் ஓர் அரசாணையில் ஊர் நகர எல்லைக்குள் போய்விடுகிறது. பிறந்த வீட்டைவிட்டு நகராமலே, கிராமத்தவராகப் படுத்து நகரவாசியாக எழுந்தவர்களை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆக, வருகிறவர்களைத் தடுத்தாலும் நகரம் வளரும். தடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. சீனா 1958இல் குடியிருப்புப் பதிவு முறையைச் சட்டமாக்கியது. பதிவு எந்த ஊரிலோ அந்த ஊரில்தான் சலுகைகள். 1980களுக்குப் பிறகு தொழிற்சாலைகள் கூப்பிட்டபோது கோடிக்கணக்கானோர் அந்தப் பதிவு இல்லாமலேயே நகரங்களுக்குப் போனார்கள். வரவு நிற்கவில்லை. வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் கிடைப்பதுதான் கடினமானது.

ஏன் வருகிறார்கள் என்பது அப்படி ஒன்றும் மர்மமில்லை. ஒரே இடத்தில் பல முதலாளிகள் இருந்தால் ஒரு வேலை போனாலும் இன்னொன்று கிடைக்கும். பல தொழிலாளிகள் இருந்தால் முதலாளிக்கும் தேவையான கை கிடைக்கும். ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் கற்றுக்கொள்வார். ஒரு நகரத்தின் அளவு இரட்டிப்பானால் அங்குள்ள உழைப்பின் உற்பத்தித்திறன் 3 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. சிறியதாகத் தெரியலாம், ஆனால் சின்ன ஊருக்கும் பெருநகரத்துக்கும் நடுவே பல இரட்டிப்புகள் இருக்கின்றன. இதைவிடக் கவர்ச்சியான ஒரு கணக்கும் உலவுகிறது: நகரம் இரட்டிப்பானால் தலைக்கு 15 சதவீதம் கூடுதல் வருமானம், குழாய், கம்பி, சாலை எல்லாவற்றிலும் தலைக்கு 15 சதவீதம் மிச்சம் என்று. 2007 வாக்கில் அமெரிக்காவின் சாண்டா ஃபே ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வைத்த வாதம் அது. பின்னால் இங்கிலாந்து, வேல்ஸ் நகரங்களுக்கு எல்லையை வெவ்வேறு விதமாக வரைந்து பார்த்தபோது அந்த விதி அப்படியே நிற்கவில்லை. எனவே அதை நான் உறுதியானவற்றோடு சேர்க்க மாட்டேன். முதல் கணக்கைச் சேர்ப்பேன்.

இனி வரிசைக்கு வருகிறேன். 1810இல் நியூயார்க்கில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில் ஒடுங்கியிருந்த ஊர். 1811இல் ஆணையர்கள் மூவர், வயலும் பாறையுமாகக் கிடந்த நிலத்தின் மேல் 155ஆம் தெரு வரைக்கும் கோடு போட்டார்கள். அந்தத் திட்டத்தில் குறைகள் இருந்தன. பூங்காவுக்கு இடம் போதவில்லை, மேடுபள்ளங்களை மதிக்கவில்லை. ஆனாலும் ஆட்கள் வந்தபோது தெருவுக்கான நிலம் தெருவாகவே காத்திருந்தது. பிறகு வந்த தண்ணீர்க் குழாய், சாக்கடை, சுரங்க ரயில் எல்லாம் அந்தக் கோடுகளுக்கு அடியில் புகுந்துகொண்டன. பார்சிலோனாவில் இல்தஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் 1859இல் செய்ததும் இதே வகை வேலை.

லண்டன் எதிர்ப்பக்கம். 25 லட்சத்தைத் தாண்டிய ஊரின் கழிவு முழுக்கத் தேம்ஸில் விழுந்துகொண்டிருந்தது. 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைக் குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் சட்டம் வந்தது, ஜோசஃப் பசல்ஜெட் என்ற பொறியாளர் ஊரின் அடியில் பெருஞ்சாக்கடைகளைக் கட்டினார். கெட்ட காற்றால் காலரா வருகிறது என்றுதான் அன்று பெரும்பாலோர் நம்பினார்கள். தண்ணீரால் பரவுகிறது என்று ஜான் ஸ்னோ 1854இலேயே காட்டியும் ஏற்கப்படவில்லை. காரணம் தவறு, செய்த வேலை சரி. 1866இல் காலரா மீண்டும் வந்தபோது அது கொத்தாகத் தாக்கியது கிழக்கு லண்டனை. புதிய சாக்கடையோடு இன்னும் இணைக்கப்படாமல் இருந்த பகுதி அது. என்னிடம் வேலை கற்க வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஆட்கள் குடியேறிய பிறகு குழாய் பதிப்பது ஏன் அவ்வளவு கடினம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும், வெளியே இருந்து பார்த்தால் இது தெரியாது. கழிவுநீர் தானாக ஓட வேண்டும், அதற்கு வாட்டம் வேண்டும். 150 மி.மீ. விட்டமுள்ள சின்னக் குழாய்க்கு நூறு மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 60 செ.மீ. இறக்கம் கொடுத்தால்தான் கசடு தங்காமல் தள்ளிக்கொண்டு போகும். பெரிய குழாய்க்கு இறக்கம் குறைவாகத் தேவைப்படும் என்றாலும், சமதரையில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். வெற்று நிலத்தில் அந்தப் பள்ளத்தைத் தோண்டுவது சில நாள் வேலை. இரண்டு பக்கமும் வீடு நெருக்கிய மூன்று மீட்டர்ச் சந்தில் நான்கு மீட்டர் ஆழம் தோண்டினால் அஸ்திவாரம் அசையும். முட்டுக்கொடுத்து, கையால் மண் அள்ளி, அங்குலம் அங்குலமாகப் போக வேண்டும். அதற்குள் ஒவ்வொருவரும் மழைத் தண்ணீருக்குப் பயந்து வீட்டுத் தரையை உயர்த்தியிருப்பார்கள், சாலை போடுகிறவர் பழைய சாலைமேல் இன்னோர் அடுக்கு போட்டிருப்பார். எந்த மட்டத்தை நம்புவது என்றே தெரியாது. நான் லெவல் எடுத்த ஓரிடத்தில் வடிகாலில் தண்ணீர் நுழையும் முனை, அது வெளியேறும் முனையைவிடத் தாழ்ந்திருந்தது. அங்கே வடிகால் என்ற பெயரில் இருந்தது ஒரு நீளமான தொட்டி.

நிலத்தை முன்கூட்டியே ஒதுக்குவதற்கு அரசு எல்லாவற்றையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. நில உரிமையாளர்கள் எல்லோரும் தங்கள் துண்டுகளை ஒன்றாகப் போட்டு, தெருவுக்கும் பொது இடத்துக்கும் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, மீதியை ஒழுங்கான மனைகளாகத் திரும்பப் பெறுவது ஒரு முறை. ஃபிராங்க்ஃபர்ட் நகருக்காக 1902இல் இதற்கென்றே சட்டம் வந்தது. ஜப்பானில் நகர்ப்புற நிலத்தில் சுமார் 30 சதவீதம் இப்படித்தான் உருவானது. பரப்பு குறைந்தாலும் சாலை வந்ததால் மதிப்பு கூடும், அதனால் உரிமையாளர்கள் சம்மதிக்கிறார்கள். தெருக்களுக்கு மட்டும் நிலத்தில் 30 சதவீதமாவது வேண்டும் என்பது ஐ.நா. வாழ்விடத் திட்டத்தின் பரிந்துரை. தானாக முளைத்த புறநகர்கள் பலவற்றில் இதன் பாதிகூட இருக்காது. இந்த முறையும் எல்லா இடத்திலும் பலிக்காது. பட்டா தெளிவாக இருக்க வேண்டும், அளப்பவர் மேல் நம்பிக்கை வேண்டும். குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கு இதில் ஒன்றும் கிடைப்பதில்லை என்ற குறையும் உண்மை.

தண்ணீரிலும் இதே கதை. குழாய் வராத இடத்தில் ஆழ்துளைக் கிணறு வரும், எல்லோரும் உறிஞ்சினால் மண் அமுங்கும். டோக்கியோவின் கோத்தோ பகுதி இருபதாம் நூற்றாண்டில் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. 1956லும் 1962லும் வந்த சட்டங்கள் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தின, கூடவே தொழிற்சாலைகளுக்கு மாற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது. 1970களின் நடுவில் அமுங்குவது பெரும்பாலும் அடங்கியது. கூடவே என்று நான் சொன்ன அந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம். மாற்று தராமல் தடை மட்டும் போட்டால் இரவில் மோட்டார் ஓடும். ஜகார்த்தாவின் வடபகுதி இன்றும் அமுங்குகிறது, இந்தோனேசியா தலைநகரையே நுசந்தாராவுக்கு மாற்ற 2022இல் சட்டம் இயற்றியது. நிலத்தடி நீர் எடுப்பது அங்கே முக்கியக் காரணம் என்பது உறுதி. கட்டடங்களின் எடைக்கும் வண்டல் மண் இயல்பாக இறுகுவதற்கும் எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இங்கே நம்பிக்கை தரும் ஓர் ஊரைச் சொல்லியாக வேண்டும். போரால் நொறுங்கிய கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் 1993இல் குழாயில் விட்ட தண்ணீரில் 72 சதவீதம் கசிவிலும் திருட்டிலும் காணாமல் போனது. எக் சொன் சான் என்ற பொறியாளர் நீர் வாரியத்துக்குத் தலைமை ஏற்றார். ஒவ்வோர் இணைப்புக்கும் மீட்டர், கசிவைத் தேடும் குழுக்கள், அதிகாரி வீடானாலும் கட்டணம், ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புச் செலவில் சலுகை. இருபது ஆண்டுக்குள் இழப்பு 6, 7 சதவீதத்துக்கு வந்தது, 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. பணக்கார நாடு இல்லை, புதுத் தொழில்நுட்பமும் இல்லை. என் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை அது. புதிய அணை கேட்கும் எந்த ஊரையும், முதலில் உங்கள் குழாயில் எவ்வளவு ஒழுகுகிறது என்று சொல்லுங்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் தந்தது அந்த ஊர்தான்.

போக்குவரத்தில் சுருக்கமாகப் போகிறேன், இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீராது. ஹூஸ்டனின் கேட்டி நெடுஞ்சாலையை 2008இல் சில இடங்களில் 26 தடங்கள் வரை விரித்தார்கள்; 2011க்கும் 2014க்கும் இடையில் மாலைப் பயண நேரம் 55 சதவீதம் கூடியது. அதில் ஒரு பகுதி மக்கள்தொகை கூடியதால் என்பதையும் சொல்ல வேண்டும், ஆனால் புதிய இடம் புதிய வண்டிகளால் நிரம்புகிறது என்பது பல நகரங்களின் தரவில் தெளிவாக இருக்கிறது. நேரடியாகப் பலன் தந்தது கட்டணம். ஸ்டாக்ஹோம் 2006இல் சோதனையாக நகர மையத்துக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் வைத்தது; எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. எதிர்த்த மக்களே பார்த்துவிட்டு வாக்கெடுப்பில் ஏற்றார்கள். ஆனால் அங்கே ஏறிப் போக ரயிலும் பஸ்ஸும் ஏற்கெனவே இருந்தன. இங்கும் அதே வரிசை.

ரயிலும் பஸ்ஸும் எங்கே ஓடும் என்பதை முடிவு செய்வது மக்கள் நெருக்கம். 1990இல் அட்லாண்டாவில் 25 லட்சம் பேர், பார்சிலோனாவில் 28 லட்சம் பேர், கிட்டத்தட்ட சம அளவு. அட்லாண்டா பரவியிருந்த பரப்பு 4,280 சதுர கி.மீ., பார்சிலோனா 162 சதுர கி.மீ. பார்சிலோனாவில் சுமார் 100 கி.மீ. மெட்ரோ பாதை பாதிக்கு மேற்பட்டவர்களின் நடைதூரத்தில் இருந்தது. அதே வசதியை அட்லாண்டாவில் கொடுக்க ஆயிரக்கணக்கான கி.மீ. பாதை போட வேண்டியிருந்திருக்கும். நெருக்கம் என்றதும் வானுயர் கோபுரங்கள் கண்முன் வரும், அது தேவையில்லை. பாரிஸில் பெரும்பாலான கட்டடங்கள் ஆறு, ஏழு மாடிதான், சதுர கி.மீ.க்கு சுமார் 20,000 பேர். நெருக்கத்துக்கு விலையும் உண்டு: வெப்பம். நகரம் இரவில் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை லூக் ஹோவர்ட் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் அளந்து எழுதினார். கான்கிரீட் பகலில் குடித்த சூட்டை இரவில் கக்குகிறது, ஈரம் வற்றிய தரையால் குளிர முடிவதில்லை. மரமும் திறந்த மண்ணும் நீர்நிலையும் இதற்குச் சரியான மருந்து. எத்தனை மரம் எத்தனை டிகிரி குறைக்கும் என்று துல்லியமாகச் சொல்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். காற்று, ஈரப்பதம், தெருவின் அகலம் எல்லாம் சேர்ந்து அதை மாற்றும்.

குடிசைப் பகுதிகளை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. உலகில் நூறு கோடிக்கு மேற்பட்டவர்கள் அப்படி வாழ்கிறார்கள். இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைப்பதுதான் அரசுகளுக்கு முதலில் தோன்றும் வழி. வேலையிலிருந்து இருபது கி.மீ. தள்ளி வைத்தால் ஆட்கள் வீட்டை விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்புவார்கள். என் அனுபவத்தில் இதற்கு விலக்கு மிகக் குறைவு. ஜகார்த்தாவில் 1969இல் தொடங்கிய கம்போங் (நகரத்துக்குள் இருக்கும் ஏழைக் குடியிருப்பு) மேம்பாட்டுத் திட்டம் வேறு வழியில் போனது. வீடுகளைத் தொடவில்லை. நடைபாதை, வடிகால், தண்ணீர், கழிப்பறை மட்டும் கொடுத்தது. இடிக்க மாட்டார்கள் என்ற தைரியம் வந்ததும் வீட்டை மக்களே கட்டிக்கொண்டார்கள். தாமதமாக வந்த குழாயாக இருந்தாலும், இருக்கிற ஆட்களுக்கு இருக்கிற இடத்திலேயே வந்தது.

ஊரைச் சுற்றிக் கட்டடம் கட்ட விடாத பசுமை வளையம் போட்டு வளர்ச்சியை நிறுத்தலாமா என்றால், அதில் நான் உறுதியாக எந்தப் பக்கமும் நிற்கவில்லை. சியோல் 1971இல் போட்டது. காடும் மலையும் தப்பின, ஆனால் வளையத்தைத் தாண்டிக் குதித்துப் புதிய ஊர்கள் முளைத்தன, பயணம் நீண்டது. கோபன்ஹேகன் 1947இல் ஐந்து விரல்கள் போல ரயில் பாதைகளை ஒட்டி வளரவிட்டு, விரல்களுக்கு நடுவில் பசுமையைக் காத்தது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. வளர்ச்சிக்குப் போக ஓர் இடம் காட்டிவிட்டு மற்ற இடத்தைக் காப்பது நடக்கக்கூடியது.

கடைசியாக, தனிமனிதராக நீங்கள் என்ன செய்யலாம். எல்லாவற்றையும்விடப் பெரியது வீடு எங்கே என்பது. வேலைக்கும் பள்ளிக்கும் நடந்தோ பஸ்ஸிலோ போகக்கூடிய இடத்தில் சின்ன வீடு எடுப்பது, தூரத்தில் பெரிய வீடு கட்டி அதன்மேல் சூரியத் தகடு போடுவதைவிடப் பெரும்பாலும் நல்லது. எல்லோருக்கும் அந்தத் தேர்வு இருக்காது என்பதும் தெரியும். குப்பையில் ஈரத்தையும் உலர்ந்ததையும் வீட்டிலேயே பிரிப்பது உண்மையிலேயே பயன் தரும், ஏனென்றால் கலந்தபின் பிரிக்க எந்த இயந்திரமும் சரியாக இல்லை. தண்ணீர்ச் சிக்கனமும் வீண்போகாது: கேப் டவுன் 2018இல் ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தபோது, 2015இல் நாளுக்கு 120 கோடி லிட்டரை நெருங்கிய ஊரின் பயன்பாடு பாதிக்கும் கீழே போனது. ஒரு பருவம் தாண்ட அது போதுமானதாக இருந்தது.

புதிதாக வீடோ மனையோ பார்க்கப் போனால் இன்னொன்று செய்யுங்கள். வாசலுக்கு முன்னால் உள்ள வடிகாலைப் பிடித்துக்கொண்டு அது போகும் திசையில் நடந்து பாருங்கள். ஓர் ஆற்றிலோ பெரிய கால்வாயிலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ போய் முடிந்தால் நல்லது. காலி மனையிலோ மண்மேட்டிலோ நின்றுவிட்டால், மழைக்காலத்தில் அங்கே தேங்கும் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அங்கேயே நின்று தரையைப் பாருங்கள். விற்பவரிடம் விலையைப் பேசுவது அதற்குப் பிறகு.